நாலாவது ஆள்

சதீஸ்குமார் போனை வைக்க மறந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை மாலையில்தான் சுபாஜினிக்கு அந்த எண்ணம் வந்தது.

கட்டாரிலிருந்து அவன் எடுக்கிற அழைப்புகள் அந்த நாட்களில் மிகவும் சுருங்கிப்போயிருந்தன. சாப்பிட்டியா, அம்மா மருந்து குடிச்சாங்களா, கரண்ட் பில் கட்டியாச்சா, சரி வைக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் பேசினான். வைக்கிறேன் என்றும் சொன்னான். ஆனால் வைக்கவில்லை. கட்டிலில் போட்டுவிட்டு அப்படியே திரும்பியிருக்க வேண்டும். தன் பக்கத்தில் தொடர்பைத் துண்டிக்கப் போன சுபாஜினி, மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

அவன் யாரோ இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தான். "டேய் ரமேசு, பின்னால பாருடா, பின்னால. போச்சு, செத்தான்." அப்புறம் ஒரே சிரிப்பு. மூச்சு வாங்க, நடுவில் பேச்சு வராமல் திக்கித் திக்கிச் சிரித்தான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவன் அப்படிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு இல்லை. கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் குசினியில், அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, அவனாகவே போனைப் பார்த்து வைக்கும் வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் காரியம் வேறு மாதிரிப் போயிருக்கும். இவ்வளவு சிரிப்பு இந்த மனிசனிடம் இன்னும் இருக்கிறதே, அது இருக்கிற இடத்தில் நான் இல்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சதீஸ்குமார் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவன். நாட்டில் எரிபொருளுக்கும் மாவுக்கும் வரிசை நின்ற வருசத்தில் கடைக்காரர் ஆட்களைக் குறைத்தார். குறைத்த ஆட்களில் இவனும் ஒருவன். கல்யாணம் முடிந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடன் வாங்கி ஏஜென்சிக்குக் கட்டி, கட்டாரில் ஒரு பொருட்கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான். சுபாஜினி பல்லேகலவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஒபரேட்டர். சட்டைக்குக் கொலர் தைப்பாள். அவளும் மாமியார் வடிவம்மாவும்தான் வீட்டில். பிள்ளை இல்லை.

இடையில் ஒரே ஒரு தடவை அவன் லீவில் வந்தான். ஒரு மாதத்துக்கென்று வந்தவன் மூன்றாவது கிழமையிலேயே பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டான். வீட்டில் அவனால் உட்கார முடியவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து போனைப் பார்ப்பான், எழுந்து வாசலுக்குப் போவான், திரும்பி வருவான். எதையோ தொலைத்துவிட்டு வந்த ஆள் மாதிரி இருந்தான். இந்த முறை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். வந்த பிறகும் அப்படித்தான் அலைவானோ என்ற பயம் சுபாஜினிக்கு உள்ளுக்குள் இருந்தது.

அடுத்த அழைப்பில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, வெள்ளிக்கிழமையில என்னா வெளாட்டு வெளாடுறீங்க?"

சண்டைக்கு வருகிறாள் என்று அவன் நினைத்தான். "லீவு நாள்ல கொஞ்ச நேரம்தான். ரூம்ல ஒருத்தன் ஊருக்குப் போறப்ப அவன்ட பழைய கம்ப்யூட்டர விட்டுட்டுப் போனான். காசு ஒண்ணும் செலவில்ல."

"அதக் கேக்கல. என்னா வெளாட்டுன்னுதான் கேட்டேன்."

அப்புறம் அவன் பேசினான். ரொம்ப நாளைக்குப் பிறகு, கேட்காமலே பேசினான். ஒரு பெரிய தீவு. விமானத்திலிருந்து நூறு பேர் குதிப்பார்கள். நாலு நாலு பேராகச் சேர்ந்து வீடுவீடாகப் புகுந்து துப்பாக்கி பொறுக்கிச் சண்டை போடவேண்டும். கடைசி வரை உயிரோடு இருக்கிற கூட்டம்தான் ஜெயித்தது. அவனும், கலஹா பக்கத்து ரமேசும், மாத்தளை நஸீமும் ஒரு கூட்டம்.

"நாலு பேருன்னீங்க?"

"நாலாவது ஆள் எங்களுக்குக் கெடைக்கிறதில்ல. யாராச்சும் தெரியாதவன் வந்து சேருவான். பாஷையும் தெரியாது. எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போவான்."

"போன்ல வெளாட ஏலாதா அத?"

"ஏலாது. அதுக்குன்னு நல்ல கம்ப்யூட்டர் வேணும். ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கண்டிக்கு பஸ் ஏறினாள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை ஒன்று இருந்தது. தொழிற்சாலைப் பிள்ளை ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். கடையில் றிஸானா என்ற அலவத்துகொடப் பெண் தனியாக இருந்தாள். கடை அவள் நானா என்று கூப்பிடுகிற அண்ணனுடையது. பழுது பார்க்கிறது அவள். முப்பது வயதிருக்கும். ஒரு லப்டொப்பின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"கேம் வெளாடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். வெல குறைவா."

"யாருக்கு, தம்பிக்கா?"

"எனக்கு."

றிஸானா அப்போதுதான் நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை. என்ன விளையாட்டு, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். சுபாஜினி தொகையைச் சொன்னாள். றிஸானா சின்ன ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சல்லிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் மட்டும்தான் வரும், அதும் பழசு. முழுசா வேணுமெண்டா மாசத்துக்கு ஒண்டு ஒண்டா சேர்க்கணும். அவசரமா?"

"டிசம்பருக்கு முன்னாடி."

"அப்ப காலம் ஈக்கி, அவசரமில்ல. நான் பார்த்து வைக்கிறேன். நீங்க கண்ட கண்ட எடத்துல வாங்கிடாதீங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது, பக்கத்துத் தகடு நசுங்கிய ஒரு கம்ப்யூட்டர் கேசிங்கைக் கிட்டத்தட்ட சும்மாவே எடுத்தாள். அதைப் பேப்பர் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மதர்போர்டும் ப்ரொசஸரும் ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக் களைத்த கம்ப்யூட்டரிலிருந்து வந்தன. ரேம் ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று. மொனிட்டரின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக முடி போல ஒரு கோடு இருந்தது. அதைச் சொல்லித்தான் றிஸானா விலையைக் குறைத்தாள். பவர் சப்ளையை மட்டும் பழசாக வாங்க விடவில்லை. "இதுல கஞ்சத்தனம் பாத்தா மத்த எல்லாத்தையும் சேர்த்து எரிச்சிடும்" என்றாள். சுபாஜினி அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓ.டி. செய்தாள். கொலர் தைத்துத் தைத்துப் பெருவிரல் நகத்தடியில் கறுத்துப்போனது.

வாங்கியதை எல்லாம் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். சதீசுக்குச் சொல்லவில்லை. முடித்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அவன் விளையாட்டுக்குள்ளேயே போய் நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. டிசம்பரில் அவன் வரும்போது இது இங்கே மேசையில் இருக்கும். வாசலுக்கும் கட்டிலுக்கும் அலையாமல் உட்காருவான்.

வடிவம்மா ஒருநாள் அலுமாரியைத் திறந்துவிட்டு, "இதென்னாடி, சேலைக்குள்ள தகரம்?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் சாமான் அத்தை. அவரு வந்தா பாவிக்கட்டும்னு சேக்குறேன். அவருகிட்ட சொல்லிராதீங்க."

வடிவம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்து, பிறகு சேலையைப் பழையபடி மடித்து அதன் மேலே போட்டு அலுமாரியைச் சாத்தினாள். செலவைப் பற்றி ஏதும் சொல்லாமல் விட்டாளே என்று சுபாஜினிக்கு ஆறுதலாக இருந்தது.

படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட் கிடைக்கத்தான் நாளானது. வந்த கார்ட்களை றிஸானா ஒவ்வொன்றாகக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து, இது வேண்டாம், இது வேண்டாம் என்று தள்ளினாள். கடைசியில் ஆகஸ்ட் மாதம், பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் டவுன் முழுக்கப் பாதை அடைத்துக் கிடந்த நேரம், போன் பண்ணி, வரச் சொன்னாள். சுபாஜினி பஸ்ஸை விட்டிறங்கிக் கால்நடையாகக் கூட்டத்துக்குள் நுழைந்து போய் வாங்கி வந்தாள். ஒரு தகப்பன் மகன் பரீட்சைக்குப் படிக்கவில்லையென்று பிடுங்கி விற்ற கார்டாம். தூசு துடைத்துப் புதுசு மாதிரி இருந்தது. கடையிலேயே பூட்டித் தருகிறேன் என்றாள் றிஸானா. சுபாஜினி வேண்டாமென்றாள். தன் கையால்தான் பூட்டவேண்டும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று காலையில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். யூடியூபில் பலதடவை பார்த்து வைத்திருந்தாள். ப்ரொசஸரை அதன் குழிக்குள் இறக்கியபோது அது தானாகவே போய் உட்கார்ந்தது. நல்ல மெஷினில் ஊசி இறங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. தையல்காரியின் விரல்களுக்கு அந்தச் சின்ன வயர்கள் கஷ்டமாக இல்லை. மத்தியானம் தாண்டியபோது பூட்டி முடித்து சுவிட்சை அழுத்தினாள். விசிறிகள் சுற்றின. மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடி கறுப்பு. ரேமைக் கழற்றித் திரும்பச் சொருகினாள். கறுப்பு. ஆறேழு மாதத்து ஓ.டி. காசு முழுவதும் பாயில் கிடந்து வெறும் விசிறி சுற்றியது. றிஸானாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"பின்பக்கத்தக் காட்டுங்க" என்றாள் றிஸானா. "மொனிட்டர் வயர எங்க குத்தி ஈக்கிறீங்க?"

"மேல இருக்கிறதுல."

"அது மதர்போர்ட்ல உள்ளது. கீழ, கார்ட்ல குத்துங்க."

குத்தினாள். திரை வெளிச்சமானது. றிஸானா போனுக்குள் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் மொத தடவ செய்ற பிழதான்" என்றாள். சுபாஜினி அழுதாள். வடிவம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி, ஹெட்செட்டைப் போட்டு, விளையாட்டுக்குள் அவன் பெயரைத் தேடி அழைப்பு அனுப்பினாள். தன் பெயரை சுபா கலஹா என்று வைத்திருந்தாள். அவள் பிறந்த தேயிலைத் தோட்டம் அந்தப் பக்கம்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவன் குரல் காதுக்குள்ளேயே வந்தது.

"யாரு இது?"

"நான்தான்."

"சுபாவா? எங்கேருந்து?"

"நம்ம வீட்டுலேருந்து. கம்ப்யூட்டர் கட்டிட்டேன்."

  அப்புறம் ரமேஸ், "அண்ணி வந்தாச்சுடா, மரியாதையா பேசு" என்றான். சதீஸ் சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பேதான்.

விமானத்திலிருந்து குதித்த கொஞ்ச நேரத்தில் யாரோ அவளைச் சுட்டுவிட்டார்கள். எங்கிருந்து சுட்டான் என்றே தெரியவில்லை. விளையாட்டு முடிந்தது என்று எழுந்திருக்கப் போனாள். ஆனால் திரை அணையவில்லை. செத்துப்போனவர்கள் கூட்டத்தில் உயிரோடிருக்கிறவனின் கண்வழியாக மிச்சத்தைப் பார்க்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. திரையில் இப்போது சதீசின் கைகள். சதீஸ் பார்க்கிற பக்கமெல்லாம் அவளும் பார்த்தாள். அவன் மூச்சு விடுவதும் கேட்டது. நாலு வருசத்தில் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை அவள் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று நினைத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சதீஸ் முதலில் இடது பக்கம் பார்ப்பான். நுழைந்த வீட்டின் கதவை ஒவ்வொரு தடவையும் சாத்துவான். குண்டசாலை வீட்டில் ஒரு கதவைக்கூடச் சாத்தாத மனிசன். காயத்துக்குச் சுற்றுகிற துணி, மருந்து எதைக் கண்டாலும் எடுத்து மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுத் தனக்குக் கடைசியாகத்தான் வைத்துக்கொள்வான். இதெல்லாம் அவளுக்குப் புதுசு. வடிவம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். திரையில் ஓடுகிற உருவத்தைக் காட்டி, "இதான் நம்ம சதீஸா?" என்று கேட்பாள். "இவ்வளவு மெலிஞ்சிருக்கானே" என்பாள். சுபாஜினி சிரிப்பாள். சில நாட்களில் வேண்டுமென்றே வெட்டவெளியில் ஓடிச் சீக்கிரம் செத்துப்போவாள். செத்தால்தானே அவனோடு இருக்கலாம்.

ஒக்டோபர் மழை தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் செத்த கையோடு நஸீமும் செத்தான், ரமேசும் செத்தான். அவர்கள் இருவரும் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனார்கள். வடிவம்மா அன்று கோயிலுக்குப் போயிருந்தாள். சதீஸ் மட்டும் ஒரு மாடி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான். வெளியே ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

"சுபா, இருக்கியா?"

"இருக்கேங்க."

"நான் டிசம்பர்ல வரல."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி பிடித்த கைகள் அசையவில்லை.

"லீவு தரலியா?"

"லீவு இல்ல. மறுபடி சைன் பண்ணிட்டேன். மூணு வருசம்."

"எப்ப?"

"கொஞ்ச நாளாச்சு. போன்ல சொல்ல வாய் வரல."

"ஏங்க, கடனெல்லாம் முடிஞ்சிருச்சே. இங்க வந்து எதாச்சும் பார்ப்போம்னுதானே சொன்னீங்க."

"சொன்னேன்தான்." அவன் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூலைக்கு வந்தான். "வந்து என்னா செய்றது சுபா? திரும்பப் போயி யாராச்சும் கடையில நிக்கணும். போன தடவ வந்தப்ப எனக்கு அங்க மூச்சு முட்டுச்சு. ஒன் மேல கோவம் இல்ல, அம்மா மேலயும் இல்ல. இங்க ஒரு கட்டில் இருக்கு. வேல இருக்கு. வெள்ளிக்கிழமையானா இது இருக்கு. யாரும் என்கிட்ட ஒண்ணும் எதிர்பார்க்கிறதில்ல. எனக்கு இது போதும் போல இருக்கு."

"நான் இருக்கேனே" என்றாள்.

 கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது. "பொறு, ஆள் வருது" என்றான். கதவு திறந்தது. அவன் சுட்டான். வந்தவன் விழுந்தான். அப்புறம் இன்னொருவன் வந்தான், அவனையும் சுட்டான். ரமேஸ் திரும்பி வந்து உட்கார்ந்து, "டேய், ரெண்டு பேரையும் எடுத்துட்டியா?" என்று கத்தினான். சதீஸ் சிரித்தான். வழக்கமான சிரிப்புத்தான், ஒரு குறையும் இல்லை. சுபாஜினி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து சின்னதாகச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

வடிவம்மா கோயிலிலிருந்து வந்து குடையை உதறி வைத்தபோது, சுபாஜினி வாசல் கதிரையில் இருந்தாள். மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் மகன் வருவான், சொந்தமாக ஒரு வீடு பார்ப்பான், ஒரு பேரப்பிள்ளைக்காவது வழி பிறக்கும் என்று வேண்டிக்கொண்டு வந்திருப்பாள்.

"அத்தை, அவரு வரமாட்டாராம். மூணு வருசத்துக்குச் சைன் பண்ணிட்டாராம்."

வடிவம்மா திருநீற்றுப் பொட்டலத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதை அவிழ்த்து முடித்தாள்.

"சொல்லிட்டானா" என்றாள்.

சுபாஜினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து நின்றாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"சித்திரையிலயே சொன்னான். ஒனக்கு அவனே சொல்லட்டும்னு இருந்தேன்."

"சித்திரையிலயா? நான் அதுக்கப்புறமும் சாமான் வாங்கிக்கிட்டே இருந்தேனே அத்தை. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"பார்த்தேன். நீ ஞாயித்துக்கெழமையும் வேலைக்கிப் போயி வாங்கிட்டு வந்த. என்னான்னு சொல்றது ஒன்கிட்ட?" வடிவம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "அதக் கட்டி முடிச்சா ஒருவேள அவன் மனசு மாறுமோன்னு எனக்கும் ஒரு நப்பாசை. நீ கலஹாவுக்கே போறதுன்னாலும் போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கலஹாவில் தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பரா அறையில் அவளுடைய அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள், அப்பா. அங்கே போய் எந்த மூலையில் பாயை விரிப்பது? வடிவம்மாவுக்கும் அது தெரியும். சுபாஜினி உள்ளே போய் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியைக் களைந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். 

இரண்டு வெள்ளிக்கிழமை அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேறெதுவும் செய்யத் தெரியாமல், போய் உட்கார்ந்தாள். அவர்கள் நாலு பேராக ஆட்டத்துக்குள் இருந்தார்கள். ஆட்டம் முடியும்வரை காத்திருந்து அழைப்பு அனுப்பினாள். அவன் தனியாகப் பேச வந்தான்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன். ரூமுக்குப் புதுசா ஒரு கேரளாப் பையன் வந்திருக்கான். நல்லா அடிக்கிறான். இப்ப நாங்க கொஞ்சம் மேல வந்துட்டோம் சுபா, ஒரு போட்டியிலயும் சேர்ந்திருக்கோம்."

"சரி."

"நீ வேற யாரு கூடயாச்சும் சேர்ந்து ஆடு. தனியாக்கூட ஆடலாம். பழகினா வந்துரும்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஒரு சின்னப் பிள்ளைக்கு வழி சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அவள் இன்னொரு தடவை சரி என்றாள்.

மறுநாள் றிஸானாவின் கடைக்குப் போனாள். இதை விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டாள். றிஸானா காரணம் கேட்கவில்லை. "இப்ப வெல எறங்கிட்டு. டொலர் கொறஞ்சிட்டு, புது கார்டும் வந்திட்டு. போட்டதுல பாதியும் வராது" என்றாள். பிறகு, "வேணுமெண்டா நானாக்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்றேன். ஆனா நல்ல மெஷின் சுபா அது. ஒங்கட கையால பூட்டினது" என்றாள். அதுதான் தொல்லை என்று சுபாஜினிக்குத் தோன்றியது. அது பழுதாகியிருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. விற்கவில்லை.

டிசம்பரில் ரமேஸ் வந்தான். லீவில் வந்தவன், சதீஸ் கொடுத்தனுப்பிய பெட்டியோடு ஒரு மாலை நேரம் முச்சக்கரவண்டியில் வீட்டுக்கு வந்தான். காதுக்குள் கேட்ட குரலுக்கு இப்போதுதான் முகம் தெரிந்தது. அவள் நினைத்ததைவிடக் கட்டை, தலைமுடி கொட்டியிருந்தது. வடிவம்மாவுக்குத் தைலம், போர்வை, பால்மாப் பைக்கற். சொக்லட். சோப்பு. அடியில் சுபாஜினியின் பெயர் எழுதிய ஒரு சின்னப் பெட்டி.

வடிவம்மா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். ரமேசுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அவரு எப்படி இருக்காரு அண்ணன்?" என்று சுபாஜினி கேட்டாள்.

"நல்லா இருக்கான் தங்கச்சி." நேரில் கண்டதும் அண்ணி என்று கூப்பிட அவனுக்கு வரவில்லை போல. "கீழ்க்கட்டில் அவனுக்கு. சுத்திவர பெட்ஷீட் கட்டி வச்சிருக்கான், ஒரு சின்ன ரூம் மாதிரி. கால்மாட்டுல கம்ப்யூட்டர். வேல முடிஞ்சா நேரா அதுக்குள்ள போயிருவான். குடி கிடி ஒண்ணும் இல்ல. வேற பேச்சும் இல்ல. சத்தியமா நல்லா இருக்கான்."

வேறு பேச்சு என்றால் வேறு பெண் என்று அவளுக்கு விளங்கியது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழவோ திட்டவோ செய்யலாம். அதுவும் இல்லை.

"என்னைப் பத்திப் பேசுவாரா?"

"பேசுவானே. நீ கம்ப்யூட்டர் கட்டின அன்னைக்கி லேபர் காம்ப் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எம் பொஞ்சாதி தனியா கட்டினா, ஒரு ஆம்பள கை வைக்கலன்னு. எவ்வளவு பெருமை அவனுக்கு." ரமேஸ் தேத்தண்ணியை வேகமாகக் குடித்தான். "நான் திரும்பப் போகல. எனக்கு ஏலாது அந்த வாழ்க்கை. அவனுக்குப் பிடிச்சிருக்கு. என்னா செய்றது."

அவன் போன பிறகு அவள் சின்னப் பெட்டியைப் பிரித்தாள். ஒரு மவுஸ். விலை கூடினது. கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கியது. அவள் கையின் அளவை நினைத்துத்தான் வாங்கியிருக்கவேண்டும். துண்டு ஒன்றில், இதில் நல்லா ஆடலாம் என்று எழுதியிருந்தான்.

கம்ப்யூட்டரைப் போட்டு, பழைய மவுஸைக் கழற்றிவிட்டு அதைச் சொருகினாள். உடனே அது சிவப்பாக எரிந்தது, அப்புறம் நீலம், பச்சை, ஊதா என்று மாறிக்கொண்டே போனது. வடிவம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அழகா இருக்கே" என்றாள். அதை எடுத்து மடியில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டவள் போல் கையை நீட்டினாள். அப்புறம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மடக்கிக்கொண்டாள். "அவன் கூடப் பேசுறியா?"

"இப்ப அவங்களுக்குப் போட்டி நேரம் அத்தை."

சுபாஜினி கம்ப்யூட்டரை அணைத்தாள். திரை கறுத்தது, விசிறி நின்றது. மவுஸ் மட்டும் அணையவில்லை. நிறம் மாறி மாறி எரிந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று புரட்டிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மேசைக்கடியில் குனிந்து சுவரிலிருந்த பிளக்கை இழுத்துவிட்டு, நாளைக்குக் கட்டவேண்டிய சேலையை எடுக்க அலுமாரிப் பக்கம் போனாள்.